எந்தச் சாப்டர், எந்த டிபார்ட்மென்ட்? மண்ணடி க்ளியரிங் அலுவலகத்தில் ஆறு வார இன்டர்ன்ஷிப்

நான்காம் செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில், மண்ணடியில் உள்ள ஒரு சுங்க க்ளியரிங் அலுவலகத்தில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்கும் இங்கிருந்து வெளிநாடு போகும் சரக்குக்கும் உரிய ஆவணங்களைச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்து, வரியைக் கட்டவைத்து, சரக்கை உரியவர் கையில் சேர்ப்பது இவர்களுடைய தொழில். சட்டத்தில் இவர்கள் ‘கஸ்டம்ஸ் புரோக்கர்’. தெருவில் இன்னும் ‘க்ளியரிங் ஏஜென்ட்’ அல்லது ‘சிஎச்ஏ’தான். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. நிறையோடு குறையையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று அந்த வட்டாரம் முழுவதும் இதே அளவில், இதே முறையில் இயங்கும் அலுவலகங்கள் ஏராளமாக இருப்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும் என்பது இன்னொன்று.

என் படிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்புரை யாருக்குப் பயன்படும் என்பது அதைப் பொறுத்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல் அறிவியல், புள்ளியியல் மூன்றும் சேர்ந்த பல்துறைப் பட்டப்படிப்பு என்னுடையது. சேரும்போது மூன்று கதவுகள் திறக்கும் என்றார்கள். இன்டர்ன்ஷிப் தேடும்போது மூன்று கதவிலும் பக்கத்துக் கதவைத் தட்டச் சொன்னார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் பி.காம். மாணவர்கள் போதும் என்றார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியல் படித்தவர்களுக்கு மட்டுமே இடம் என்றார்கள். தரவுப் பகுப்பாய்வு செய்யும் ஒரு நிறுவனம், கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை என்று தெரிந்ததும் பதில் போடுவதையே நிறுத்திவிட்டது.

செய்யாமல் விட்டுவிடவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இளநிலை மாணவர்கள் நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் வரை இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்கின்றன. எங்கள் கல்லூரி மேல் எல்லையையே எடுத்துக்கொண்டு 120 மணி நேரம், நான்கு கிரெடிட் என்று வைத்திருக்கிறது. செய்தியில் கேட்டுவிட்டு அப்பா பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். 2024 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் உண்டுதான். ஆனால் அப்போது வகுத்த விதிப்படி அது முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கானது, அதுவும் பன்னிரண்டு மாதங்களுக்கு. கல்லூரிக் கிரெடிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. இதற்கிடையில், 1,500 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் சான்றிதழ் அனுப்புவதாக ஒரு வாட்ஸப் செய்தியும் வந்தது. என் வகுப்பில் இரண்டு பேர் கட்டினார்கள். வைவாவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது அவர்கள் விழித்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

இந்த இடத்தைப் பற்றிச் சொன்னவர் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் டிரெய்லர் ஓட்டுநர் மாமா. கன்டெய்னர் ஏற்றுவதற்கு முன் காகிதம் வாங்க அவர் வாரத்தில் நான்கு நாள் அந்த அலுவலகத்துப் படிக்கட்டில் காத்திருப்பவர். “ஏசி இருக்குது பாப்பா, வேலையும் இருக்குது, போய்க் கேட்டுப் பாரு” என்றார். கேட்டேன். உரிமையாளர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா டிபார்ட்மென்ட்மா நீ?” என்றார். மூன்றையும் சொன்னேன். “அப்போ மிக்ஸட் கார்கோ” என்று சிரித்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். அதோடு நேர்காணல் முடிந்தது. ஒரே நிபந்தனை, 120 மணி நேரத்தில் எழுந்து போய்விடக் கூடாது, ஆறு வாரமாவது இருக்க வேண்டும் என்பது. அதிகப்படியான அந்த மணி நேரங்களுக்குக் கல்லூரி எந்தக் கணக்கும் வைக்காது என்பதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டேன். இப்போது யோசித்தால், உருப்படியாகக் கற்றதெல்லாம் அந்தக் கணக்கில் வராத மணி நேரங்களில்தான்.

போய்வருவது எளிது. தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, அடுத்தது மண்ணடி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை தடம் நீளாதிருந்தால், ஷேர் ஆட்டோவிலும் ராயபுரம் பாலத்து நெரிசலிலும் தினமும் ஒரு மணி நேரம் கரைந்திருக்கும். மண்ணடி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் இரும்புக் கடைகள், பேரிங் கடைகள், தள்ளுவண்டிகள். நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு. இரண்டாம் மாடியில் அலுவலகம். இருபதுக்கு முப்பது அடி இருக்கும். பதினொரு பேர், ஒன்பது நாற்காலி. சுவர் முழுக்கக் கயிறு கட்டிய ஃபைல்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரில் ஜாப் நம்பர். இன்டர்னுக்கென்று இடம் கிடையாது; யார் கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் போயிருக்கிறார்களோ அவர்களுடைய நாற்காலி என்னுடையது, அவர்கள் திரும்பியதும் எழுந்துவிட வேண்டும். கழிவறை படிக்கட்டுத் திருப்பத்தில், மூன்று அலுவலகங்களுக்குப் பொது, சாவி வாட்ச்மேனிடம். மாணவிகள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை.

முதல் எட்டு நாளும் ஸ்கேன் செய்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், இன்ஷூரன்ஸ் காகிதம், எதற்கென்று தெரியாத அறிவிப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஜாப் நம்பர் போட்டுக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. யாரும் எதையும் விளக்கவில்லை. லாக் புக்கில் ‘ஆவணப்படுத்தல் பயிற்சி’ என்று எட்டு நாளும் எழுதினேன். ஒன்பதாம் நாள் எழுதக் கூச்சமாக இருந்தது. பெரிய குறை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். இன்டர்ன் வந்தால் யாரிடம் ஒப்படைப்பது, என்ன வரிசையில் கற்றுக்கொடுப்பது என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இல்லை. நானாகப் போய் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்குமென்டேஷன் மேசையில் இருந்த, ஜி-கார்டு வைத்திருக்கும் அக்கா ஒருவரை அப்படித்தான் பிடித்தேன். ஜி-கார்டு என்பது சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறிய ஊழியர்களுக்குக் கிடைக்கும் அடையாள அட்டை; அந்த அறையில் அது இருவரிடம் மட்டுமே இருந்தது. அக்கா பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவர், இருபது வருட அனுபவம். ஒரு மதியம், நான் ஸ்கேன் செய்துகொண்டிருந்த இன்வாய்ஸைக் காட்டி, இந்தப் பொருளுக்கு ஏன் இந்த எட்டு இலக்க எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தி முதல்முறையாக என்னைப் பார்த்தார். இன்டர்ன்ஷிப் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்த எண் வருவது எச்எஸ் எனப்படும் சரக்கு வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்து. உலக சுங்க அமைப்பு வகுத்தது. 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்கப்படும் எல்லாப் பொருளையும் 21 பிரிவுகளிலும் 97 சாப்டர்களிலும் அது அடக்கிவிடுகிறது. முதல் ஆறு இலக்கங்கள் உலகப் பொது. நம் நாட்டில் மேலும் இரண்டு சேர்ந்து எட்டாகும். முதல் சாப்டரில் உயிருள்ள விலங்குகள். கடைசிச் சாப்டரில் கலைப்பொருட்களும் பழம்பொருட்களும். இடையில் 77ஆம் சாப்டர் மட்டும் காலி, பிற்காலத் தேவைக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, “உன் டிபார்ட்மென்ட் இதாம்மா” என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னாலும், கலப்புப் பொருளை எங்கே வைப்பது என்ற கேள்விதான் அந்தத் தொழிலின் மையம் என்பது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. இதற்கு எழுதி வைத்த விதிகள் உண்டு. ஒரு பொருள் இரண்டு தலைப்புகளில் (சாப்டருக்குள் வரும் நான்கு இலக்கப் பிரிவுகள்) அடங்குவதுபோல் இருந்தால், பொதுவாகச் சொல்லும் தலைப்பை விட்டுக் குறிப்பாகச் சொல்லும் தலைப்பை எடுக்க வேண்டும். பல பொருட்கள் சேர்ந்து ஆனதாக இருந்தால், அதன் அடிப்படைத் தன்மையைக் கொடுப்பது எதுவோ அதைப் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால், போட்டியில் உள்ள தலைப்புகளில் எண் வரிசைப்படி கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். எனக்கு வழிகாட்டியாக யாரை நியமிப்பது என்று கல்லூரியில் மூன்று துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு, கடைசியில் ஃபைலைப் புள்ளியியல் துறைக்கு அனுப்பினார்கள். ஆங்கில அகரவரிசையில் அதுதான் கடைசி. அவர்கள் அறியாமலே மூன்றாவது விதியைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

இந்தச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அக்கா சொன்ன உதாரணம் தேங்காய் எண்ணெய். சிறிய பாட்டிலில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் 1513ஆம் தலைப்பில் வரும் சமையல் எண்ணெயா, 3305இல் வரும் தலைமுடிப் பொருளா என்ற மத்தியக் கலால் வரி வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18 அன்று மூவர் அமர்வு, தலை எண்ணெய் என்று குறிப்பிட்டு அதற்குரிய நிபந்தனைகளின்படி விற்கப்பட்டால் ஒழிய அது சமையல் எண்ணெய்தான் என்று முடித்துவைத்தது. எங்கள் வீட்டில் ஒரே பாட்டில் அடுப்பங்கரைக்கும் கண்ணாடி அலமாரிக்கும் இடையே தினமும் போய்வருகிறது. அதற்கு இவ்வளவு பெரிய வழக்கா என்று வியந்தேன். வரி விகிதத்தைப் பார்த்ததும் வியப்பு அடங்கிவிட்டது.

எனக்கென்று முதலில் கொடுத்த பொருள், சார்ஜ் செய்து பயன்படுத்தும் சிறிய மேசை மின்விசிறி. அதன் அடியில் ஒரு எல்இடி விளக்கு. விசிறி என்றால் 8414. பேட்டரியோடு கையில் எடுத்துப் போகும் விளக்கு என்றால் 8513. நான் உடனே ‘இரண்டும்தான்’ என்று எழுதினேன். அக்கா அதை அடித்துவிட்டு, “இரண்டும்னு ஒரு நம்பர் கிடையாது. அது இன்னா வேலைக்காக வாங்குறாங்கன்னு பாரு” என்றார். இயந்திரங்களைப் பொறுத்தவரை ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்தால் முதன்மையான வேலை எதுவோ அதை வைத்து வகைப்படுத்த வேண்டும் என்று அந்தப் பிரிவின் குறிப்பே சொல்கிறது. கேட்டலாக்கை எடுத்துப் படித்தேன். மோட்டாரின் வாட் எவ்வளவு, விளக்கின் வாட் எவ்வளவு, பேட்டரி விசிறிக்கு எத்தனை மணி நேரம் வரும், அட்டைப்பெட்டியில் எந்தச் சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து அரைப் பக்கம் எழுதினேன். அவர் அதை நாலு வரியாக வெட்டினார். விசிறி என்றே தாக்கலாயிற்று.

எழுதுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. முன்பெல்லாம் ராஜாஜி சாலைக் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நேரில் போய், அப்ரைசர் எனும் மதிப்பீட்டு அதிகாரி எதிரில் நின்று, வாயால் விளக்கிவிட்டு வந்துவிடலாமாம். முகம் பாராத மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முதலில் தொடங்கியது; அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. சென்னையில் இறங்கிய சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதிக்காகத் தாக்கல் செய்யும் ஆவணத்தை, வேறொரு ஊரில் இருக்கும் அதிகாரி பார்ப்பார். அவருக்கு நம் முகம் தெரியாது, நாம் எழுதியது மட்டுமே தெரியும். தலைப்புகள் பலவற்றின் கீழும் கடைசி வரியாக ‘அதர்’ என்று ஒன்று இருக்கும். சோம்பலில் அதைப் போட்டால், இது ஏன் மற்ற வரிகளில் அடங்கவில்லை என்று குவெரி வரும். குவெரி வந்தால் ஒரு நாள் போகும். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பின் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கன்டெய்னரை இலவச நாட்களுக்குள் திருப்பாவிட்டால் ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம். இந்தப் பயத்தோடு எழுதும்போது வாக்கியம் தானாகச் சுருங்குகிறது. இரண்டு ஆண்டு அசைன்மென்ட்டுகள் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

வரிக் கணக்கிலும் சறுக்கினேன். கணக்கு எளிதாகத்தான் இருந்தது: வரி விதிப்புக்குரிய மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 10,000, அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி 1,000, இவை சேர்ந்த 1,11,000இன் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 19,980, ஆக 30,980. இதை எக்ஸெலில் அழகாகப் போட்டுவிட்டு, டாலர் மதிப்பைக் கைபேசியில் பார்த்துப் பெருக்கிவிட்டேன். சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது தெரியாது. கூடவே, அந்த இன்வாய்ஸில் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. வாடகை தெரியாதபோது எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 20 சதவீதமும், காப்பீடு தெரியாதபோது 1.125 சதவீதமும் சேர்க்க வேண்டும் என்று மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. செக்லிஸ்ட் எனும் தாக்கல் வரைவு இறக்குமதியாளருக்குப் போவதற்கு முன்பே அக்கா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை, அதே ஃபைலை மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பதிலுக்கு நானும் ஒன்றைக் கொடுத்தேன் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ஏழாவது இலக்கம் சரிபார்ப்பதற்கானது. எழுத்துகளுக்கு 10இலிருந்து மதிப்புக் கொடுத்து, 11இன் மடங்குகளை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்தையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். மீதி பத்து என்றால் பூஜ்யம். இதை ஒரு எக்ஸெல் தாளில் சூத்திரமாக எழுதி வைத்தேன். மூன்றாம் நாளே, 6க்கும் 8க்கும் இடம் மாறிப்போன ஓர் எண் சிவப்பில் எரிந்தது. அறையே எழுந்து வந்து பார்த்தது. அதற்குப் பிறகு, யார் திரும்பி வந்தாலும் எழுந்திருக்கத் தேவையில்லாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எனக்குக் கிடைத்தது.

துறைமுகத்துக்கு உள்ளே போகப் பாஸ் எடுத்துத் தருவதாக முதல் வாரம் சொன்னார்கள். கடைசி வாரம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1983இல் நாட்டிலேயே முதலாவதாகக் கன்டெய்னர் முனையம் வந்த துறைமுகத்தை, ஆறு வாரம் ராஜாஜி சாலை மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். ஆனால் மணலிப் பக்கம் உள்ள ஒரு சிஎஃப்எஸ்ஸுக்கு (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை வைத்துத் திறந்து பரிசோதிக்கும் இடம்) இரண்டு முறை அழைத்துப் போனார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஹெல்மெட்டும் மினுக்கும் சட்டையும் கொடுத்தார்கள், சட்டை முழங்கால் வரை வந்தது. நாற்பதடி கன்டெய்னர் ஒன்றின் சீல் எண்ணை இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்துவிட்டு, ஓர் அண்ணன் போல்ட் கட்டரால் நறுக்கினார். கதவு திறந்ததும் மே மாத வெயிலைவிடச் சூடான காற்று முகத்தில் அடித்தது. பழைய அட்டைப்பெட்டி, ரப்பர், பிசின் எல்லாம் கலந்த ஒரு வாடை.

உள்ளே சரக்கை அடுக்கும் மரப் பேலட்டுகள். அவற்றின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்டி’ என்ற எழுத்துகளும் சூடுபோட்டதுபோல் பதிந்திருந்தன. மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றப்பட்டது, அதில் பூச்சி ஏதும் உயிரோடு வராது என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. வேறொரு அடுக்கில் ‘எம்பி’ என்று இருந்தது. மெத்தில் புரோமைடு புகை போட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள் என்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்திய அதே மெத்தில் புரோமைடு, சரக்கின் தனிமைப்படுத்தல் தேவைக்கு மட்டும் விதிவிலக்குப் பெற்று இன்னும் புழங்குகிறது என்பதை இரண்டாம் செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதியிருக்கிறேன். அதைப் பேலட்டின் மேல் கரும் எழுத்தில் பார்த்தபோது விரலால் தொட்டுப் பார்த்தேன். கூட வந்த அண்ணன், “கைய வைக்காதம்மா, சிலாம்பு ஏறும்” என்றார். ஏறியது.

பணத்தைப் பற்றி. சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. ‘டிராவல்’ என்ற பெயரில் மொத்தமாக 2,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். முடிந்து மூன்று வாரம் கழித்து, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு ஜிபேயில் வந்தது. மெட்ரோ கட்டணத்துக்கும் சாயங்காலம் பர்மா பஜார்ப் பக்கம் சாப்பிட்ட அத்தோவுக்கும் அது சரியாகிவிட்டது. நேரம் காலை ஒன்பதரை முதல் ஆறு வரை என்பது பேச்சு. கப்பல் வரும் நாட்களில் ஏழரை ஆகும். வீட்டில் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை எழுதுவதில்தான் உண்மையான சிக்கல் வந்தது. முப்பது பக்கம், இணைப்பில் ஆவணங்களின் நகல் என்பது கல்லூரியின் விதி. ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்கூட வெளியே போகக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி, அதில் நியாயமும் இருக்கிறது. யார் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது அந்தத் தெருவில் காசு. பெயர், விலை, ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கப்பல் வந்த நாள், தாக்கலான நாள், ஷிப்பிங் லைனிடம் டிஓ எனும் விடுவிப்பு ஆணை வாங்கிய நாள், சரக்கு வெளியேறிய நாள் ஆகிய தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். உரிமையாளர் ஒரு நாள் யோசித்துச் சம்மதித்தார். அதை அட்டவணைப்படுத்திப் பார்த்தபோது, நான் பார்த்த ஃபைல்களில் தாமதத்தின் பெரும்பகுதி சுங்கத்துறையில் நேரவில்லை. இறக்குமதியாளர் காகிதம் அனுப்பத் தாமதித்ததும், ஷிப்பிங் லைனுக்குப் பணம் கட்டி டிஓ வாங்கத் தாமதித்ததும்தான் முன்னால் நின்றன. தாமதம் என்றாலே ஆபீசர் மேல் பழிபோட்டுப் பழகிய அறையில் இந்த அட்டவணையை யாரும் விரும்பவில்லை. அக்கா மட்டும் ஒரு பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டார். கல்லூரியில் வழிகாட்டிப் பேராசிரியர், இதில் புள்ளியியல் குறைவு என்றார். வைவாவுக்கு வந்த பொருளாதாரப் பேராசிரியர், புள்ளியியல் அதிகம் என்றார்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மூன்றரை போடுவேன். வேலையின் செறிவுக்கும் அக்காவுக்கும் நாலரை கொடுக்கலாம். இன்டர்னை எப்படி நடத்துவது என்ற திட்டமின்மைக்கும் படிக்கட்டுக் கழிவறைக்கும் கழித்தாக வேண்டும். கேட்காவிட்டால் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால், கூச்சம் அதிகம் உள்ளவர்கள் ஆறு வாரமும் ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பும் வாய்ப்பு நிறைய. வணிகவியல் மாணவர்களுக்கு இது வழக்கமான இடம். வேதியியல், ஜவுளி, சட்டம், மொழி என்று எதையாவது கலந்து படிப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம்; ஒரு நாளில் காலை பாலியஸ்டர் நூல், மதியம் மருந்து மூலப்பொருள், மாலை பொம்மை என்று மேசைக்கு வரும்போது, ஒரு பாடத்தை மட்டும் படித்தவர் பாதியில் நின்றுவிடுகிறார். போவதானால் மே முதல் வாரத்துக்கு முன்பே, கல்லூரிக் கடிதத்தோடு, நேரில் போய்க் கேளுங்கள். மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை.

கடைசியாகச் சான்றிதழ். முடித்த பத்தாம் நாள் கைக்கு வந்தது: ‘டேட்டா என்ட்ரி பயிற்சி, துறை: புள்ளியியல்’ என்று ஒரே வரி. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரிமையாளர் சலிப்போடு, “இன்னா எழுதணுமோ நீயே எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்” என்றார். அக்காவும் நானும் உட்கார்ந்து, சரக்கு விவரம் எழுதுவதுபோலவே எழுதினோம்: எச்எஸ் வகைப்படுத்தல் உதவி, வரிக் கணக்கீடு, கன்டெய்னர் எண் சரிபார்ப்புத் தாள், சிஎஃப்எஸ் பரிசோதனை இரண்டு முறை, கிளியரன்ஸ் காலத் தரவுத் தொகுப்பு. நாலு வரி. சீல் இருந்த மேசையறையின் சாவி உரிமையாளரோடு வெளியே போயிருந்ததால், அதற்கு இன்னும் ஒரு சனிக்கிழமை காத்திருந்தேன்.

கல்லூரித் தளத்தில் ஏற்றும்போது ‘துறை’ என்ற இடத்தில் எங்கள் படிப்பின் பெயர் இல்லை. வேறு வழியில்லாமல் ‘அதர்’ என்பதை அழுத்தினேன். இரண்டாம் நாள், துறை தெளிவாக இல்லை, விளக்கம் தரவும் என்று குவெரி வந்தது. நாலு வரி விளக்கம் எழுதி அனுப்பினேன். அந்த வாரமே நான்கு கிரெடிட்டும் ஏறிவிட்டது.